லாரித் தண்ணீரில் வளரும் பூங்கா: புல்லை எடுப்பதா, வைப்பதா?

சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு லேஅவுட். அதன் குடியிருப்போர் நலச்சங்கத்துக்குப் புதிதாகச் செயலாளர் ஆகியிருக்கும் வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

லேஅவுட்டின் நடுவே 8 கிரவுண்டில் ஒரு பூங்கா. நிலம் மாநகராட்சியுடையது, பராமரிப்பு சங்கத்துடையது. 10,000 சதுர அடிக்குப் புல்தரை, ஓரங்களில் குல்மோஹரும் வேம்பும், சுற்றிலும் பேவர் பிளாக் நடைபாதை. மார்ச் வந்தால் பூங்காவின் போரில் தண்ணீர் இறங்கிவிடுகிறது. அப்புறம் மழை வரும்வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் 9,000 லிட்டர் லாரி. சந்தாவில் பெரும்பங்கு லாரிக்கே போகிறது. பொதுக்குழுவில் இதை எடுத்தபோது ஆளுக்கொரு யோசனை. ஒரு தரப்புக்குச் செயற்கைப் புல் வேண்டும். லாஸ் வேகாஸில் மகன் வீட்டுக்குப் போய்வந்த உறுப்பினர் ஒருவர், அங்கே பார்த்ததுபோல கூழாங்கல்லும் கள்ளிச்செடியும் போடலாம் என்கிறார். இளைஞர்கள் மியாவாக்கி காடு, அதாவது கன்றுகளை நெருக்கி நட்டு வளர்க்கும் குறுங்காடு, கேட்கிறார்கள். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் புல்லைத் தொடக் கூடாது என்கிறார்கள். செடி அடர்ந்தால் பாம்பு வரும், கொசு வரும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. தோட்டக்காரர் தண்ணீரை வீணடிக்கிறார், ஆளை மாற்ற வேண்டும் என்றும் பேச்சு. பக்கத்து அடுக்ககத்தில் சுத்திகரித்த கழிவுநீர் தினமும் வடிகாலில் போகிறது, அதை எடுக்கலாமா என்றும் கேட்கிறார். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று மரம் நடும் விழாவுக்கு ஏற்பாடு நடக்கிறது. "நாங்கள் எதைச் செய்வது? இதையெல்லாம் முடிவு செய்ய எங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் தோட்டக்காரரைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அவருடைய வேலை போகும் நிலையில் இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் 9,000 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 4,500 லிட்டர். உங்கள் புல்தரை ஏறக்குறைய 930 சதுர மீட்டர். சென்னையின் மே மாத வெயிலில் புல்லும் மண்ணும் சேர்ந்து சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டரை ஒட்டிய தண்ணீரைக் காற்றில் விடும். பெருக்கிப் பாருங்கள், 4,650 லிட்டர் வருகிறது. அவர் ஊற்றுவது அந்தப் புல் உயிரோடு இருப்பதற்கு வேண்டிய அளவுதான். நடுப்பகலில் ஹோஸ் பிடிக்காமல் விடியற்காலையில் ஊற்றச் சொன்னால் கொஞ்சம் மிச்சமாகும். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. எவ்வளவு திறமையான ஆளை வைத்தாலும் 10,000 சதுர அடிப் புல் இதே தண்ணீரைத்தான் கேட்கும். ஆகவே தயவுசெய்து அவரை வைத்துக்கொள்ளுங்கள். இனி வரப்போகும் மாற்றத்துக்கு அந்த மண்ணையும் அந்தத் தண்ணீரையும் தெரிந்த ஆள் உங்களுக்குத் தேவை.

இரண்டாவது, உங்கள் கடிதம் முழுக்க ஓர் அனுமானம் ஓடுகிறது: நம் ஊரில் தண்ணீர் இல்லை, அதனால் தண்ணீர் இல்லாமல் வாழும் பூங்கா வேண்டும் என்பது. 2019 கோடையை அனுபவித்த யாருக்கும் இப்படித் தோன்றுவது இயல்பு. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்கள், வேகனுக்கு 50,000 லிட்டர், ஆக ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். ஊரே அதைப் படம் பிடித்தது.

இப்போது உங்கள் பூங்காவுக்கு வாருங்கள். 8 கிரவுண்ட் என்றால் 1,784 சதுர மீட்டர். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். ஆக, உங்கள் பூங்காவின் மேல் மட்டும் ஆண்டுக்கு 25 லட்சம் லிட்டர் விழுகிறது. அந்த ரயிலின் ஒரு நடை முழுவதும் உங்கள் பூங்காவில் வருடா வருடம் வந்து இறங்குகிறது! இறங்கிய மறுநிமிடமே சாலைக்குப் போய், வடிகாலுக்குப் போய், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் வெள்ளமாக நிற்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் உங்கள் தெருவில் எவ்வளவு நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அதனால் உங்கள் பூங்காவுக்கு இரண்டு வேலை இருக்கிறது. பிப்ரவரி முதல் மே வரை தண்ணீர் கேட்காமல் இருக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிற தண்ணீரை வாங்கி மண்ணுக்குள் இறக்க வேண்டும். இரண்டாவதைச் செய்தால் முதலாவது பாதி நடந்துவிடும். பொதுக்குழுவில் வந்த யோசனைகளை எல்லாம் இந்த இரண்டு கேள்வியை வைத்துத்தான் பார்க்கப்போகிறேன்.

செடிக்கு முன்னால் மட்டம்

ஒரு நல்ல மழை நாளில் குடையோடு போய்ப் பூங்காவில் நின்று தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். நம் ஊர்ப் பூங்காக்களில் பெரும்பாலும் செடிப் பாத்தியையும் புல்தரையையும் செம்மண் கொட்டி உயர்த்திவிடுகிறார்கள். சுற்றிலும் கெர்ப் கல் பதித்து, நடைபாதையைத் தாழ்வாக விட்டுவிடுகிறார்கள். பார்க்க எடுப்பாக இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் புல்லிலிருந்து நடைபாதைக்கு வழிந்து, கேட் வழியாகத் தெருவுக்குப் போய்விடும். கூடவே நீங்கள் காசு கொடுத்து வாங்கிய செம்மண்ணும் போகும்.

இதைத் திருப்பிப் போட வேண்டும். நடைபாதை மேலே, மண் கீழே. பூங்கா முழுவதையும் தோண்ட வேண்டியதில்லை. 3,000 சதுர அடியை மட்டும், நடைபாதையைவிட அரை அடி தாழ்வாக, ஓரம் சரிவாக இருக்கும்படி இறக்குங்கள். கெர்ப் கல்லில் சில இடங்களில் இடைவெளி விட்டு, நடைபாதையின் தண்ணீர் அதற்குள் போகும்படி செய்யுங்கள். அந்த ஒரு பள்ளம் ஒவ்வொரு முறை நிறையும்போதும் 42,000 லிட்டர், அதாவது உங்கள் கணக்கில் நாலரை லாரிக்கு மேல் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் அது ஒரு முறையோடு நிற்காது, திரும்பத் திரும்ப நிறையும். மாநகராட்சி 'ஸ்பாஞ்ச் பார்க்' என்று சில ஆண்டுகளாகச் செய்துவருவதும் இதன் பெரிய வடிவம்தான்.

மேற்குப் புறநகரில் களிமண் அதிகம் என்பதால் ஒரு சோதனை அவசியம். இரண்டு அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். வெட்டும்போதே என்ன வருகிறது என்று பாருங்கள். லேஅவுட் போடும்போது மிஞ்சிய செங்கல், காங்கிரீட் உடைசலை எல்லாம் பூங்கா நிலத்தில் கொட்டி மேலே அரை அடி செம்மண் பரப்பியிருப்பது மிகச் சாதாரணம். அப்படி இருந்தால் எந்தச் செடியும் வேர் பிடிக்காது, அதை அள்ளிவிட்டுத்தான் அடுத்த வேலை. குழி சுத்தமாக இருந்தால் அதில் தண்ணீர் நிரப்பி, முழுக்க இறங்கவிட்டு, இரண்டாம் முறை நிரப்பி, மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளந்து குறியுங்கள். அரை அங்குலமோ அதற்கு மேலோ இறங்கினால் பள்ளம் மட்டுமே போதும். இறங்கவே மறுத்தால், பள்ளத்தின் மிகத் தாழ்வான இடத்தில் களிமண் அடுக்கைத் தாண்டி மணல் வரும்வரை ஓர் உறைகிணறு இறக்க வேண்டியிருக்கும். வீடுகளில் மழைநீர் சேகரிப்பு 2003-இலிருந்து கட்டாயம் என்பதால் இந்த வேலை தெரிந்த ஆட்கள் உங்கள் பகுதியிலேயே கிடைப்பார்கள். உறைகிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி கண்டிப்பாகப் பூட்டோடு இருக்கட்டும். குழந்தைகள் வரும் இடம்.

உங்கள் முன்னால் இருக்கும் யோசனைகள்

செயற்கைப் புல்லை நான் ஒரே வரியில் மறுத்துவிடுவேன், ஆனால் அதைக் கேட்டவர்கள் நல்ல எண்ணத்தில் கேட்டிருப்பதால் காரணத்தையும் சொல்கிறேன். அதற்குத் தண்ணீர் தேவையில்லை என்பது பாதிதான் உண்மை. வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும், அதைக் குளிரவைக்கவும் தூசியைக் கழுவவும் தண்ணீர் அடிக்க வேண்டிவரும். சூடான நாளில் குழந்தை அதில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அடியில் காங்கிரீட்டோ கெட்டித்த ஜல்லியோ போட்டுத்தான் விரிப்பார்கள், ஆக மழைநீர் இறங்கும் வழியும் அடைபடும். சில ஆண்டுகளில் கிழிந்து பிளாஸ்டிக் துகளாக மண்ணில் கலக்கும்.

கூழாங்கல், கள்ளி யோசனை சொன்ன உறுப்பினர் ஒரு முக்கியமான இடத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். லாஸ் வேகாஸ் உண்மையிலேயே தண்ணீரைச் சேமித்துக் காட்டிய ஊர். நெவாடா மாநிலம் 2021-இல் ஒரு சட்டமே கொண்டுவந்தது. லாஸ் வேகாஸ் பகுதியில் வீடு அல்லாத இடங்களில், யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்லுக்கு 2027 முதல் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கிடையாது என்பது அதன் சாரம். ஆனால் அந்த ஊரில் ஆண்டுக்கு 100 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. நமக்கு அதைப்போல 14 மடங்கு. அங்கே வாழும் கள்ளியை நம் களிமண்ணில் வைத்தால் நவம்பரில் வேர் அழுகிப்போகும். கூழாங்கல் பகலெல்லாம் சூட்டை வாங்கி இரவில் விடும். ஏற்கனவே புழுக்கத்தில் இருக்கும் நம் தெருக்களுக்கு அது வேண்டாம். லாஸ் வேகாஸிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சட்டத்தில் இருக்கும் கேள்வியை: இந்தப் புல்லில் யாராவது கால் வைக்கிறார்களா?

உங்கள் 10,000 சதுர அடியில் 'புல்லில் நடக்காதீர்' என்ற பலகை எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அங்கெல்லாம் புல் தேவையில்லை. குழந்தைகள் ஓடியாடவும், மாலையில் உட்காரவும் 2,500 சதுர அடி தாராளமாகப் போதும். பெரியவர்களிடம் இப்படிச் சொல்லுங்கள்: புல் போகவில்லை, நீங்கள் நடக்கிற இடத்தில் நிழல் வருகிறது. அந்த 2,500 சதுர அடியிலும் நர்சரிக்காரர் கொண்டுவரும் மெக்சிகன், கொரியன் ரகங்கள் வேண்டாம், நம் அருகம்புல்லே வையுங்கள். மே மாதம் பழுத்துக் காய்ந்ததுபோல் தெரியும். ஆனால் சாகாது. முதல் மழைக்குத் துளிர்த்துவிடும். அந்த இரண்டு மாதப் பழுப்பை ஏற்றுக்கொள்ளும் மனம் உங்கள் சங்கத்துக்கு வர வேண்டும். உண்மையைச் சொன்னால், இந்த மாற்றத்தில் மிகக் கடினமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். ஏப்ரலில் பச்சையாக இருந்தால்தான் பராமரிப்பு நன்றாக நடக்கிறது என்று நம் கண்ணைப் பழக்கி வைத்திருக்கிறோம்.

மியாவாக்கி கேட்கும் இளைஞர்களின் ஆர்வத்தைக் கெடுத்துவிடாதீர்கள். மாநகராட்சி 2020-இல் கோட்டூர்புரத்தில் தொடங்கிப் பல இடங்களில் செய்திருக்கிறது. ஆனால் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று என்று நெருக்கி நடும் அந்த முறைக்கு முதல் இரண்டு மூன்று கோடைகளில் நிறையத் தண்ணீர் வேண்டும். வளர்ந்த பிறகு உள்ளே யாரும் நடக்க முடியாது. எட்டு கிரவுண்ட் பொதுப் பூங்காவில் ஒரு மூலையில், சாலைத் தூசியை மறைக்கும் பக்கமாக, ஐந்நூறு சதுர அடிக்கு வைத்துக்கொள்ளலாம். முழுப் பூங்காவுக்கும் அது வேண்டாம்.

எதை நடலாம்

கிண்டி தேசியப் பூங்காவின் ஓரமாக மே மாதம் ஒரு முறை போய்வாருங்கள். அங்கே உள்ள மரங்களுக்கு யாரும் ஹோஸ் பிடிப்பதில்லை, அப்படியும் பச்சையாக நிற்கின்றன. சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய காடு அது. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். தடித்த, பளபளப்பான சின்ன இலைகள், ஆழமான வேர், மெதுவான வளர்ச்சி. அடையாறு தொல்காப்பியப் பூங்காவைச் சீரமைத்தபோதும் ஆரோவில்லின் பிச்சாண்டிகுளம் காட்டைச் சேர்ந்தவர்கள் இந்த வகை மரங்களையே தேடிக் கொண்டுவந்து நட்டார்கள். வெயில், வெள்ளம், புயல் மூன்றையும் பார்த்து வளர்ந்த மரங்கள் இவை.

புயலை வேண்டுமென்றே சேர்த்தேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா அடித்தபோது சென்னையில் அதிகமாகச் சாய்ந்தவற்றில் குல்மோஹரும் பெருங்கொன்றையும் முன்னால் இருந்தன. வேகமாக வளர்ந்து, மேலாக வேர் விட்டு, கனமான கிளை பரப்பும் வெளிநாட்டு மரங்கள். இருக்கிற குல்மோஹரை வெட்டச் சொல்லவில்லை, அதன் நிழல் உங்களுக்கு இப்போது வேண்டும். புதிதாக மட்டும் அதை நடாதீர்கள். கோனோகார்பஸ் என்று ஒன்றை நர்சரியில் 'தண்ணீரே வேண்டாம், ஆறு மாதத்தில் சுவர் மாதிரி வளரும்' என்று சொல்லித் தருவார்கள். வாங்காதீர்கள். குஜராத் 2023-இல் அதைத் தடை செய்தது, பின்னர் தமிழ்நாடும் தடை செய்திருக்கிறது.

பள்ளமான பகுதிக்கு, சில நாள் தண்ணீர் நின்றாலும் கோடையில் காய்ந்தாலும் தாங்கும் மரமாகப் பாருங்கள்: புங்கம், நாவல், பூவரசு. இடையில் நொச்சி, ஓரச் சரிவில் மண் பிடிக்க வெட்டிவேர். தரையில் பொடுதலை. இந்தப் பொடுதலையை நம் ஆட்கள் களை என்று பிடுங்கி எறிகிறார்கள், எனக்கு அது மிகவும் வருத்தம். ஈரத்திலும் வறட்சியிலும் தரையோடு படர்ந்து, லேசாக மிதித்தாலும் தாங்கி, சின்னச் சின்னப் பூ வைத்துப் பட்டாம்பூச்சியை அழைக்கும். வெட்ட மெஷின் தேவையில்லை. புல்லுக்கு மாற்றாக நம் வாய்க்கால் ஓரத்திலேயே இருக்கிற செடி.

மேடான பகுதிக்கு மகிழம், இலுப்பை, வேம்பு. வேம்பு தண்ணீர் நிற்கும் இடத்தில் நலிந்துவிடும் என்பதால் அதைப் பள்ளத்தில் வைத்துவிடாதீர்கள். புதருக்கு ஆவாரை, விராலி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, ஆடாதோடை. பெயர் தெரிந்த இந்தச் செடிகளோடு காசான், உலக்கைப்பாலை, வீரை மாதிரிக் காட்டு மரங்களும் நாலைந்து வையுங்கள். நர்சரியில் கிடைப்பது கடினம், வனத்துறை நாற்றங்காலிலும் ஆரோவில் பக்கமும் விசாரியுங்கள். அரளி வறட்சியை நன்றாகத் தாங்கும், ஆனால் எல்லாப் பாகமும் நஞ்சு. சிறு குழந்தைகள் விளையாடும் பூங்காவில் நான் வைக்க மாட்டேன்.

தண்ணீர்க் கணக்கையும் பார்த்துவிடலாம். 60 மரக்கன்று நட்டு, முதல் கோடையில் கன்றுக்கு வாரம் இரண்டு முறை 20 லிட்டர் ஊற்றினால் வாரத்துக்கு 2,400 லிட்டர். இப்போது புல்லுக்கு வாரம் 31,500 லிட்டர் போகிறது. மூன்றாவது கோடையில் மரங்களுக்கு அதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. சொட்டுநீர்க் குழாய் போடலாம், ஆனால் பொது இடத்தில் அதை மிதித்து உடைப்பார்கள், எலி கடிக்கும். கன்றுக்குப் பக்கத்தில் ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நிரப்பி மூடி வைப்பது பழைய முறை, செலவும் குறைவு, தோட்டக்காரருக்கும் சுலபம்.

மூடாக்கை மறக்காதீர்கள். மரத்தடியில் மூன்று அங்குலத்துக்குச் சருகு கிடந்தால் மண் ஈரம் நிற்கும், களை வராது, மண்புழு வரும். நம் பூங்காக்களில் தினமும் சருகைப் பெருக்கிச் சுத்தம் செய்வதும், மூலையில் கொளுத்துவதும் நடக்கிறது. கொளுத்துவது 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே தடை செய்யப்பட்டிருக்கிறது. நடைபாதையை மட்டும் பெருக்கி, அந்தச் சருகை அப்படியே மரத்தடியில் போடச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. புல்லுக்கு ஊற்றும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். ஏற்கனவே இருக்கும் மரங்கள் அந்த மேல் ஈரத்தையே நம்பி வேரை மேலாகவே வைத்திருக்கும். ஒரே கோடையில் நிறுத்தினால் சில மரங்கள் பட்டுப்போகலாம். அந்த மரங்களுக்கு மட்டும், தண்டை ஒட்டி ஊற்றாமல் கிளை முடியும் வட்டத்தில், பத்து நாளுக்கு ஒரு முறை ஆழமாக ஊற்றி, அப்புறம் பதினைந்து நாள், ஒரு மாதம் என்று இடைவெளியைக் கூட்டுங்கள். வேரைச் சுற்றி பேவர் பிளாக் இறுக்கியிருந்தால் தண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் தூரத்துக்காவது பெயர்த்துவிடுங்கள்.

பாம்பு, கொசு, இருட்டு

பயத்தைச் சொன்னவர்களைக் கேலி செய்யாமல் பதில் சொல்லுங்கள். பாம்பு எலியைத் தேடி வருகிறது. எலி வருவது சாப்பாட்டு மிச்சத்துக்கும் உடைசல் மேட்டுக்கும். குப்பைத் தொட்டிக்கு மூடி போட்டு, இடிபாட்டை அகற்றினாலே பாதி பயம் தீரும். நடைபாதையின் இரு பக்கமும் மூன்று அடிக்கு முழங்கால் உயரத்துக்கு மேல் வளராத செடி மட்டும் இருக்கட்டும். உயரமான புதர்கள் உள்ளே தள்ளி இருக்கட்டும். மரங்களின் கீழ்க்கிளைகளை ஆறேழு அடி வரை கழித்துவிட்டால் பூங்காவின் ஒரு முனையில் நின்று மறுமுனை தெரியும். மாலையில் தனியாக நடக்கும் பெண்களுக்கு இது முக்கியம், விளக்கு போடும் இடத்தையும் அதையொட்டியே முடிவு செய்யுங்கள். கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரமாவது ஆகும். மழை நின்ற இரண்டு நாளில் பள்ளம் வடிந்துவிட்டால் அங்கே கொசு வளர வாய்ப்பில்லை. அதற்காகத்தான் அந்தக் குழிச் சோதனையை வற்புறுத்துகிறேன். அடைமழைக் காலத்தில் தொடர்ந்து நின்றால் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடச் சொல்லி சுகாதாரப் பிரிவைக் கேளுங்கள்.

பக்கத்து அடுக்ககத்தின் தண்ணீர்

எடுக்கலாம், ஆனால் பேச்சை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். சுத்திகரிப்பு நிலையம் இருப்பதும் அது ஒழுங்காக ஓடுவதும் வேறு வேறு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அவர்கள் பெற்ற இசைவாணையின் நகலையும், அண்மையில் எடுத்த ஆய்வகச் சோதனை முடிவையும் கேளுங்கள். உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (தண்ணீரில் மிஞ்சியிருக்கும் மட்கும் அழுக்கைக் காட்டும் அளவு), மலக் கிருமிகள், உப்பளவு மூன்றின் அளவும் அதில் இருக்க வேண்டும். முடிவு நன்றாக இருந்தாலும் இந்தத் தண்ணீரைத் தெளிப்பானில் அடிக்கக் கூடாது, குழந்தைகள் விளையாடும் புல்லுக்கும் விடக் கூடாது. மரங்களுக்கும் புதர்களுக்கும் மூடாக்குக்கு அடியில் போகும் குழாய் வழியாக மட்டும் விடுங்கள். குழாயில் 'குடிக்கத் தகுந்ததல்ல' என்று எழுதி, வேறு நிறத்தில் போடுங்கள். களிமண்ணில் உப்பு சேரும் ஆபத்து உண்டு. இலை நுனி கருகினால் நிறுத்திவிட்டு மழைக்குக் காத்திருங்கள். அடுக்ககத்தோடு ஒரு பக்க ஒப்பந்தமாவது எழுத்தில் இருக்கட்டும். அதோடு, இந்தத் தண்ணீர் கிடைக்கிறது என்பதற்காக 10,000 சதுர அடிப் புல்லையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அந்த நிலையம் பழுதாகும் முதல் மாதமே நீங்கள் மறுபடி லாரியைக் கூப்பிடுவீர்கள்.

உங்களுக்கு என்ன அதிகாரம்

இதில் உங்களுக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. 'எங்கள் சந்தாவில் பராமரிக்கிறோம், ஆகவே பொதுக்குழுத் தீர்மானம் போதும்' என்று எழுதியிருக்கிறீர்கள். போதாது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக ஒதுக்கப்பட்டு, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்விடும். ஓஎஸ்ஆர் நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். நிலத்தின் சொந்தக்காரர் மாநகராட்சி, நீங்கள் பராமரிப்பவர்கள். மட்டத்தை மாற்றவும், உறைகிணறு இறக்கவும், பேவர் பிளாக்கைப் பெயர்க்கவும் பூங்காத் துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்துவிட்டு, உறுப்பினர் ஒருவரே புகார் கொடுத்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும். பூங்காவில் இருக்கும் மரத்தை வெட்டுவதென்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இன்னொரு போர் போடும் யோசனையும் கடிதத்தில் இருக்கிறது. சென்னைப் பெருநகரப் பகுதியில் 1987-ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டத்தின்படி அதற்கும் அனுமதி தேவை. அனுமதி கிடைத்தாலும் நான் சொல்லும் வழி அதுவல்ல, பக்கத்து வீடுகளின் போரையும் சேர்த்தே அது இறக்கும்.

அதே சமயம் உங்களுக்கு உரிமையும் இருக்கிறது. லேஅவுட் வரைபடத்தையும் தானப் பத்திர நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். எல்லை எது, யாராவது ஓரத்தில் ஆக்கிரமித்திருக்கிறார்களா என்பதும் அதில் தெரிந்துவிடும். வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் இதைக் கோரிக்கையாக வைக்கலாம். மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் 'நமக்கு நாமே' திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். ஒரு கோடைக்கு லாரிக்குக் கொடுக்கும் தொகையைக் கணக்கெடுத்துப் பாருங்கள், உங்கள் பங்கு ஏறக்குறைய அதிலேயே வந்துவிடலாம். லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பொதுக்குழுவில் ஒரு முறை பேசுங்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்து வயல் கிணறுகளிலிருந்து வருகிறது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கிணறு வற்றுகிறது என்று லாரிகளை மறித்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். நம் அலங்காரப் புல்லுக்காக இன்னொரு ஊரின் கிணற்றை இறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எப்போது எதைச் செய்வது

ஜூன் 5 விழாவை மரம் நடும் விழாவாக வைக்காதீர்கள். நம் கடற்கரைப் பகுதியில் ஜூன் என்பது கத்திரி வெயில் முடிந்தும் சூடு தணியாத காலம். அன்று புகைப்படத்துக்கு நட்ட கன்றுகளில் எத்தனை ஆகஸ்டைப் பார்க்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அன்றைய கூட்டத்தை மண் வேலையைத் தொடங்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை வைத்தே அந்தக் குழிச் சோதனையைச் செய்யலாம், அவர்களுக்கு அது மிகவும் பிடிக்கும். ஜூலைக்குள் அனுமதி, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பள்ளமும் கெர்ப் இடைவெளியும். புரட்டாசிக் கடைசியில் முதல் மழை மண்ணை நனைத்ததும் நடவு, ஐப்பசிக்குள் முடித்துவிட வேண்டும். மூன்று மாத மழையை இலவசமாகக் குடித்து வேர் இறங்கிய கன்று, மார்ச் மாதத்தை நின்று எதிர்கொள்ளும்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்யவும் வேண்டாம். முதல் ஆண்டு பள்ளமும், கேட்டுக்கு எதிரே யாரும் உட்காராத 4,000 சதுர அடிப் புல்லும் மட்டும். அதை மாற்றிவிட்டு, அடுத்த கோடையில் எத்தனை லாரி வந்தது என்பதைப் பூங்காக் கேட்டில் ஒரு பலகையில் மாதாமாதம் எழுதி வையுங்கள். எதிர்ப்பவர்களிடம் நீங்கள் வாதாட வேண்டிய தேவை குறையும், மீதிப் புல்லைப் பற்றி அவர்களே பேச்செடுப்பார்கள். தோட்டக்காரருக்கு இந்த ஆண்டே சம்பளத்தை உயர்த்திக் கொடுங்கள். ஹோஸ் பிடிக்கும் நேரம் மிச்சமாகும்போது கன்று பார்ப்பதும், பானை நிரப்பும் முறையும், எந்தக் கிளையைக் கழிப்பது என்பதும் அவர் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. குழிச் சோதனையின் அளவும் பூங்காவின் கைவரைபடமும் அனுப்பினால், பள்ளத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று குறித்துத் தருகிறேன்.